ஏழு பெடலில் எதை இறக்கி வைப்பது?

உங்கள் கேள்வியை இப்படிப் புரிந்துகொள்கிறேன். கையில் இருப்பது ஐந்து கம்பி ஆக்டிவ் பேஸ் கிட்டார், அதாவது உள்ளேயே பேட்டரியில் ஓடும் சர்க்யூட் கொண்டது. சுருதி பார்க்கும் ட்யூனர், ஓங்கிய அடிகளை அடக்கும் கம்ப்ரசர், ஒரு ஸ்தாயி கீழே இன்னொரு ஸ்வரம் சேர்க்கும் ஆக்டேவ், ஒலியைக் கரகரப்பாக்கும் ஓவர்டிரைவ் (கிட்டார் வாசிக்கும் நண்பர் கொடுத்தது), கோரஸ், எதிரொலி தரும் டிலே, மிக்ஸருக்கு நேரே ஒலி அனுப்பும் டிஐ உள்ள ப்ரீஆம்ப் என்று, காலால் மிதித்து இயக்கும் ஏழு பெடல். 18 அங்குல நீளமும் 5 அங்குல ஆழமும் உள்ள ஒரு சின்ன போர்டில் இவற்றை எந்த வரிசையில் அடுக்குவது, இடம் போதாவிட்டால் மினி பெடல்களாக மாற்றிக்கொள்ளலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். வரிசையைச் சொல்வது சுலபம், நாலு வரியில் முடிந்துவிடும். ஆனால் உங்கள் கேள்விக்குள் இன்னொரு கேள்வி ஒளிந்திருக்கிறது: ஏழில் எதை வீட்டில் விட்டுவிட்டுப் போகலாம்? பல வருடமாக பேஸ் வாசிக்கிறேன், பெடல்களைத் திறந்து சால்டரிங் செய்கிற பழக்கமும் உண்டு. அந்த இரண்டு அனுபவத்தையும் வைத்துச் சொல்கிறேன். கம்பிகளை மிகவும் தளர்த்தி, கடுமையான டிஸ்டார்ஷனோடு வாசிக்கிற இசை என் பக்கம் இல்லை. நீங்கள் அந்த ரகம் என்றால் ஓவர்டிரைவ் பற்றி நான் சொல்வதில் கொஞ்சம் கழித்துக்கொள்ளுங்கள்.

முதலில் கணக்கு. பெடல் செய்கிற பாஸ் (Boss) நிறுவனத்தின் வழக்கமான சின்ன பெடல் 73 மில்லிமீட்டர் அகலம், 129 மில்லிமீட்டர் ஆழம். உங்கள் போர்டின் நீளம் ஏறக்குறைய 457 மில்லிமீட்டர். பக்கவாட்டில் கேபிள் செருகும் ஜாக் உள்ள இரண்டு பெடல்களுக்கு நடுவே, தட்டையான பிளக் போட்டாலும் 25 மில்லிமீட்டராவது விட்டாக வேண்டும். நான்கு பெடலுக்கு 292, மூன்று இடைவெளிக்கு 75, ஆக 367. ஐந்தாவது பெடல் வந்தால் 465. போர்டு முடிந்தது. இரண்டு முனைகளிலும் செருகுகிற நீளமான கேபிள்களை இன்னும் கணக்கில் சேர்க்கவே இல்லை. மேல்பக்கம் ஜாக் உள்ள பெடல்களை ஒன்றோடொன்று ஒட்டி வைக்கலாம்தான். ஆனால் 5 அங்குலம் என்பது 127 மில்லிமீட்டர். பிளக்குகள் போர்டைத் தாண்டிப் பின்னால் நீட்டிக்கொண்டிருக்கும், பையில் திணிக்கும்போது முதலில் அடிபடுவதும் அவைதான்.

மினி பெடல் வாங்கினால் இடம் பாதியாகிவிடும் என்று எல்லோரும் நினைக்கிறோம். நானும் நினைத்தேன். பெடலின் அகலம் 42 மில்லிமீட்டருக்கு இறங்கினாலும் இடைவெளி அதே 25 தான். ஒரு பெடலுக்கு 98 மில்லிமீட்டர் பிடித்த இடத்தில் இப்போது 67 பிடிக்கிறது, மூன்றில் ஒரு பங்குதான் மிச்சம். அந்த மிச்சத்துக்கு வேறு விலை கொடுக்கிறோம். பெரும்பாலான மினிகளில் பேட்டரி போட முடியாது. இருக்கிற நாப்களில் ஒன்றுதான் பெரிதாக இருக்கும், மற்றவை நகத்தால் திருப்ப வேண்டிய அளவு. ஒன்றை மிதித்தால் ஷூ பக்கத்துப் பெடலின் நாப்பையும் சேர்த்துத் திருப்பிவிடும். ஆகவே ட்யூனரை மட்டும் மினியாக வாங்குங்கள், அதில் திருப்ப எதுவும் இல்லை. ஓவர்டிரைவையும் கம்ப்ரசரையும் மினியாக வாங்கிய என் நண்பர்கள் ஒவ்வொருவராகப் பழைய அளவுக்கே திரும்பிவிட்டார்கள்.

சரி, எதை விடுவது? நான் செய்கிற சோதனை இது. நீங்கள் மேடையில் வாசிக்கிற பாட்டுகளை ஒரு தாளில் எழுதி, ஒவ்வொன்றுக்கும் எதிரே எந்தப் பெடலை மிதிப்பீர்கள் என்று குறியுங்கள். ஒரே ஒரு பாட்டில், அதுவும் எட்டு பார் (தாளச் சுற்று) மட்டும் வருகிற பெடலுக்கு 73 மில்லிமீட்டர் தருவது அதிகம். பெரும்பாலானவர்களுக்கு இந்தத் தாளில் முதலில் விழுவது டிலே. கிட்டாரில் டிலே இடத்தை நிரப்புகிறது. பேஸில் அது முந்தின கார்டின் (சேர்ந்தொலிக்கும் ஸ்வரக் கூட்டத்தின்) ஸ்வரத்தை அடுத்த கார்டின் கீழே கொண்டுபோய் வைக்கிறது. கார்டு மாறிவிட்டது, அடித்தளம் மாறவில்லை என்றால் கேட்பவர்களுக்குக் காரணம் தெரியாது, ஏதோ தப்பாக இருக்கிறது என்பது மட்டும் தெரியும். தனி பேஸ் பகுதி இருந்தாலொழிய அதை விட்டுவிடுங்கள்.

அடுத்து கோரஸ். இதில் நான் அவ்வளவு உறுதியாகப் பேச மாட்டேன், ஃப்ரெட் (கழுத்திலுள்ள உலோகப் பட்டைகள்) இல்லாத பேஸில் மெதுவான பாட்டுக்கு அது தரும் அழகு வேறு எதிலும் வராது. ஆனால் கோரஸ் என்பது உங்கள் ஒலியின் ஒரு நகலைச் சற்றே தாமதப்படுத்தி, அந்தத் தாமதத்தை ஆட்டிக்கொண்டே மூலத்தோடு கலப்பது. மேல் ஸ்வரங்களில் அது மினுமினுக்கும், கீழ் ஸ்வரங்களில் ஒலி பெருகிப் பெருகி வற்றும். அதனால்தான் பேஸுக்கென்று செய்த கோரஸ்கள், உதாரணமாக பாஸ் சிஇபி-3, கீழ்ப் பகுதியைத் தொடாமல் விட ஒரு லோ ஃபில்டர் நாப் வைத்திருக்கின்றன. உங்களுடையதில் அப்படி எதுவும் இல்லையென்றால் அதையும் இறக்கி வையுங்கள். ஐந்து ஆகிவிட்டது. மினி ட்யூனரோடு சேர்த்தால் இந்த ஐந்தும் 434 மில்லிமீட்டருக்குள் அடங்கும், முனைகளில் கொஞ்சம் நெருக்கடி இருக்கும். ப்ரீஆம்ப் பெட்டி 73-ஐவிட அகலமானது என்றால் அதன் ஜாக்குகள் எந்தப் பக்கம் என்று பார்த்து மறுபடி அளந்துவிடுங்கள்.

இப்போது நண்பர் கொடுத்த ஓவர்டிரைவ். கிட்டாருக்குச் செய்த ஓவர்டிரைவ் பேஸில் ஏன் மெலிந்து ஒலிக்கிறது என்பதற்கு ஒரு தெளிவான காரணம் உண்டு. ட்யூப் ஸ்க்ரீமர் என்ற பச்சை நிற ஓவர்டிரைவையும் அதன் எண்ணற்ற நகல்களையும் எடுத்துக்கொள்ளுங்கள். அலையை வெட்டிக் கரகரப்பு தருகிற அதன் கிளிப்பிங் பகுதியில் 4.7 கிலோ ஓம் ரெசிஸ்டரும் 0.047 மைக்ரோஃபாரட் கெபாசிட்டரும் சேர்ந்து 720 ஹெர்ட்ஸில் ஒரு கோடு போடுகின்றன. அதற்குக் கீழே போகப் போக கெயின், அதாவது ஒலியைப் பெருக்கும் அளவு, குறைந்துகொண்டே வரும். கிட்டாரில் கீழ்ப்பகுதி குழம்பாமல் இருக்கச் செய்த கெட்டிக்கார ஏற்பாடு அது. ஆனால் பேஸின் திறந்த ஈ கம்பி 41 ஹெர்ட்ஸ், உங்கள் ஐந்தாவது கம்பியான பி 31 ஹெர்ட்ஸ். அந்தக் கோட்டுக்கு நாலரை ஆக்டேவ் கீழே நிற்கிறது உங்கள் ஸ்வரம். பெடலை மிதித்ததும் நடுப்பகுதி முன்னால் பாய்கிறது, அடி அதே இடத்தில் நின்றுவிடுகிறது. தனியாக அறையில் வாசிக்கும்போது இது 'ஆகா' என்று இருக்கும். டிரம்ஸோடு சேர்ந்தால் பேஸ் காணாமல் போய்விட்டது என்று டிரம்மர் திரும்பிப் பார்ப்பார்.

இதற்குத் தீர்வு பிளெண்ட் நாப். சுத்தமான ஒலியையும் கரகரப்பான ஒலியையும் கலந்து தருகிற பெடல் பேஸுக்கு வேண்டும். பேஸ் ஓவர்டிரைவ் என்ற பெயரில் வருகிற பலவற்றில் இது உண்டு. டெக் 21 நிறுவனத்தின் சான்ஸ்ஆம்ப் பேஸ் டிரைவரிலும் உண்டு. உங்கள் ப்ரீஆம்ப் அந்த வகையாக இருந்தால் தனி ஓவர்டிரைவே தேவையில்லை, நண்பருக்குத் திருப்பிக் கொடுத்துவிடலாம், இடமும் மிச்சம். பழைய ஓவர்டிரைவையே வைத்துக்கொண்டு வெளியே ஒரு பிளெண்டர் பெட்டி போடுவதும் நடக்கிற காரியம்தான், ஆனால் சின்ன போர்டில் அது இன்னொரு 73 மில்லிமீட்டர். ஒரு எச்சரிக்கையும் சொல்ல வேண்டும். பிளெண்டருக்குள் டிஜிட்டல் பெடலைப் போடாதீர்கள். டிஜிட்டலாக மாற்றித் திரும்ப அனுப்ப அது இரண்டு மில்லிசெகண்ட் எடுத்துக்கொண்டால், சுத்தமான ஒலியோடு கலக்கும்போது 250 ஹெர்ட்ஸில் ஒரு பள்ளம் விழும். பேஸின் உடம்பு இருக்கிற இடமே அதுதான்.

ஆக்டேவ் பெடல் ஸ்வரத்தைச் சரியாகப் பிடிக்கவில்லை, கீழே வாசித்தால் விக்குகிறது என்று எழுதியிருந்தீர்கள். பழுது இல்லை, அது அப்படித்தான். 1982-ல் வந்த பாஸ் ஓசி-2 முதல் அதன் வழியில் வந்த அனலாக் ஆக்டேவ்கள் எல்லாம் அலையின் முழுச் சுற்றுகளை எண்ணி, இரண்டுக்கு ஒன்றாக வெட்டுகின்றன. ஈ கம்பியின் ஒரு சுற்றுக்கே 24 மில்லிசெகண்ட் ஆகிறது, பி கம்பிக்கு 32. அதிலும் தாழ்ந்த கம்பிகளில் இரண்டாவது ஹார்மோனிக் (இரு மடங்கு அதிர்வெண்ணில் ஒலிப்பது) பல சமயம் அடிப்படை ஸ்வரத்தைவிட ஓங்கி நிற்பதால் எண்ணிக்கை தடுமாறுகிறது, அதைத்தான் விக்கல் என்கிறோம். அப்புறம், திறந்த ஈ-க்கு ஒரு ஆக்டேவ் கீழே என்றால் 20.6 ஹெர்ட்ஸ். காதுக்கே எட்டுமா எட்டாதா என்கிற எல்லை அது, மேடை ஸ்பீக்கரில் வெறும் காற்றுதான் வரும். ஆக்டேவை டி, ஜி கம்பிகளில், ஐந்தாம் ஃப்ரெட்டுக்கு மேலே வாசியுங்கள். திறந்த ஜி 98 ஹெர்ட்ஸ், அதற்குக் கீழே 49 என்பது வயிற்றில் தட்டுகிற இடம். பேஸில் டோன் நாப் இருந்தால் அதைக் குறைத்து, கழுத்துப் பக்கத்துப் பிக்கப்பைத் திறந்தால் பிடிப்பு இன்னும் நன்றாக இருக்கும்.

கம்ப்ரசர் பற்றி இரண்டு விதமாகச் சொல்பவர்கள் உண்டு. அது இல்லாமல் பேஸே இல்லை என்பார்கள் சிலர், விரலில் கட்டுப்பாடு இல்லாதவனுக்குத்தான் அது என்பார்கள் சிலர். இரண்டிலும் நான் இல்லை. நான்குக்கு ஒன்று என்ற விகிதம், ஓங்கி அடிக்கும்போது மட்டும் நாலைந்து டெசிபல் குறைகிற அளவு, விரல் கம்பியைத் தொடுகிற சத்தம் தப்பித்துப் போகும்படி 30 மில்லிசெகண்ட் வாக்கில் அட்டாக் (அழுத்தத் தொடங்க எடுக்கும் நேரம்): இது என் தொடக்கம், உங்கள் கை வேறு என்றால் மாறும். ஒன்று மட்டும் ருசி சம்பந்தப்பட்டதல்ல. அட்டாக், ரிலீஸ் (அழுத்தியதை விடுவிக்க எடுக்கும் நேரம்) இரண்டையும் மிக வேகமாக வைத்தால், கம்ப்ரசர் ஸ்வரத்தின் ஏற்ற இறக்கத்தைப் பின்தொடர்வதற்குப் பதிலாக ஒவ்வொரு அலைச் சுற்றையும் பின்தொடர ஆரம்பித்துவிடும். தாழ்ந்த ஸ்வரங்கள் கரகரக்கும். பெடல் கெட்டுவிட்டது என்று நினைத்து ஒரு முறை முழுதாகப் பிரித்துப் போட்டிருக்கிறேன். ரிலீஸ் நாப்பைத் திருப்பியதும் சரியாகிவிட்டது.

வரிசை: ட்யூனர், ஆக்டேவ், கம்ப்ரசர், ஓவர்டிரைவ், கடைசியில் ப்ரீஆம்ப்-டிஐ. கோரஸை விட மனமில்லை என்றால் ஓவர்டிரைவுக்கும் ப்ரீஆம்புக்கும் நடுவில். ட்யூனர் முதலில் இருந்தால் சுத்தமான ஸ்வரம் அதற்குக் கிடைக்கும், மிதித்ததும் போர்டு முழுவதும் ஊமையாகும். ஆக்டேவ் ஓவர்டிரைவுக்கு முன்னால் வர வேண்டும் என்பது உறுதி, கரகரப்பான அலையில் அது எண்ணத் திணறும். ஆக்டேவுக்கு முன்னால் கம்ப்ரசரா பின்னால் கம்ப்ரசரா என்பது அவ்வளவு உறுதியில்லை. முன்னால் வைத்தால் ஸ்வரம் நீண்டு நின்று பிடிப்பு கொஞ்சம் கூடுவதும் உண்டு, இரண்டையும் செய்து பாருங்கள். பின்னாளில் என்வலப் ஃபில்டர் வாங்கினால், 1972-ல் வந்த மியூ-ட்ரான் III-இன் வழியில் வருகிற அந்த 'வாவ்' பெடல்கள், அதைக் கண்டிப்பாகக் கம்ப்ரசருக்கு முன்னால் வையுங்கள். விரலின் அழுத்தத்தைப் பார்த்துத்தான் அது வாயைத் திறக்கிறது, கம்ப்ரசர் எல்லாவற்றையும் சமமாக்கிவிட்டால் எதைப் பார்த்துத் திறப்பது?

மின்சாரத்தில்தான் சின்ன போர்டுகள் அதிகம் சொதப்புகின்றன. ஒவ்வொரு பெடலின் அடியிலும் வோல்ட், மில்லிஆம்பியர், நடுமுனை நெகட்டிவா பாசிட்டிவா என்ற மூன்றும் போட்டிருக்கும். பெரும்பாலானவை 9 வோல்ட், நடுமுனை நெகட்டிவ். வோல்ட் கூடினால் பெடல் போய்விடலாம், முனை மாறினாலும் போய்விடலாம். மில்லிஆம்பியர் கூடினால் ஒன்றும் ஆகாது, தேவையானதை மட்டுமே பெடல் எடுத்துக்கொள்ளும். குறைந்தால்தான் சிக்கல்: கீச்சிடும், அணைந்து அணைந்து எரியும். அனலாக் ஓவர்டிரைவுக்கு 10, 20 மில்லிஆம்பியர் போதும், டிஜிட்டல் பெடல் ஒன்று தனியாக 100 முதல் 300 வரை கேட்கும். ஒரே அடாப்டரிலிருந்து சங்கிலிபோல எல்லாவற்றுக்கும் கிளை பிரிக்கிற டெய்சி செயின், அனலாக் பெடல்கள் மூன்று நான்கு இருக்கும்வரை பெரும்பாலும் தொந்தரவு தராது. அதில் ஒரு டிஜிட்டல் பெடல் சேர்ந்தால் மெல்லிய 'உய்ங்' வர வாய்ப்பு அதிகம். ஒவ்வொரு வாயும் தனித்தனியாகப் பிரிக்கப்பட்ட, ஐசொலேட்டட் என்று தெளிவாக எழுதிய பவர் சப்ளை வாங்குங்கள். பல வாய்கள் இருப்பதால் மட்டுமே அது ஐசொலேட்டட் ஆகிவிடாது, பெட்டிமேல் அப்படி ஒரு படம் போட்டு ஏமாற்றுகிறவையும் உண்டு. போர்டுக்கு அடியில் அது நுழையுமா என்று உயரத்தையும் அளந்துவிடுங்கள்.

ட்ரூ பைபாஸா (அணைத்த பெடலின் சர்க்யூட்டைத் தொடாமல் ஒலி நேரே போவது) பஃபரா (ஒலியைப் பலப்படுத்தி அனுப்புவது) என்ற பெரிய சண்டையில் நீங்கள் தலையிட வேண்டியதில்லை. பேட்டரி இல்லாத பாசிவ் பேஸில் நீளமான கேபிள் மேல் ஒலியைக் கொஞ்சம் தின்னும், அதைத் தடுக்கத்தான் பஃபர். ஆக்டிவ் பேஸுக்குள்ளேயே அந்த வேலை நடந்துவிடுகிறது. உங்கள் கவலை வேறு: ஆக்டிவ் பேஸின் ஒலி ஓங்கி வந்து முதல் பெடலையே திணறடிக்கலாம். பேஸிலுள்ள லோ நாப்பை நடுவில் விட்டுவிட்டு, கூட்டுவதைக் கடைசியில் ப்ரீஆம்பில் செய்யுங்கள்.

அந்த ப்ரீஆம்ப்தான் உங்கள் போர்டில் மிக முக்கியமான பெட்டி. அரங்கில் உள்ளவர்கள் கேட்பது உங்கள் ஆம்ப்பை அல்ல, டிஐ-யிலிருந்து மிக்ஸருக்குப் போகிற ஒலியை. அதில் ப்ரீ, போஸ்ட் என்று ஒரு சுவிட்ச் இருந்தால் போஸ்டில் வையுங்கள், இல்லாவிட்டால் ஈக்யூவில் (கீழ், நடு, மேல் ஒலிகளைக் கூட்டிக் குறைக்கும் நாப்களில்) நீங்கள் செய்தது எதுவும் வெளியே போகாது. ஹம் என்ற இரைச்சல் வந்தால் கிரவுண்ட் லிஃப்ட் சுவிட்சை ஒரு முறை தட்டிப் பாருங்கள். ஒவ்வொரு பெடலையும் மிதித்தாலும் விட்டாலும் ஒலியளவு ஒரே மாதிரி இருக்கும்படி வைத்துக்கொள்ளுங்கள், இதை ஒத்திகையில் முழு இசைக்குழுவோடு செய்ய வேண்டும். வீட்டில் நடுப்பகுதியைக் குழித்து, கீழையும் மேலையும் ஏற்றி வைத்த ஒலி மேடையில் கிக் டிரம்முக்கும் சிம்பலுக்கும் நடுவே மறைந்துபோகும். பேஸின் ஸ்வரம் எது என்று காது பிடிப்பது 250-லிருந்து 800 ஹெர்ட்ஸ் வரையிலான பகுதியில். ப்ரீஆம்பில் மிகத் தாழ்ந்த ஒலியை வெட்டுகிற ஹை பாஸ் ஃபில்டர் இருந்தால் 35 ஹெர்ட்ஸ் பக்கம் வையுங்கள். பி கம்பி போய்விடுமோ என்று பயப்பட வேண்டாம், அந்தக் கம்பியில் நாம் கேட்பதில் பெரும்பகுதி 62 ஹெர்ட்ஸிலும் அதற்கு மேலும்தான். ஸ்பீக்கர் வீணாக முன்னும் பின்னும் துள்ளுவது நிற்கும்.

தாளில் குறித்துப் பார்த்த பிறகும் ஏழும் வேண்டும் என்று வந்தால், தனித்தனிப் பெடலை மறந்துவிட்டு ஒரே டிஜிட்டல் பெட்டிக்குப் போய்விடுங்கள். லைன் 6 எச்எக்ஸ் ஸ்டாம்ப் போன்றவை ஏழையும் ஏழுக்கு மேலும் உள்ளே வைத்திருக்கின்றன. அதன் கூடவே வருகிற அடாப்டர் 3 ஆம்பியர் என்பதால், சாதாரண பவர் சப்ளையின் 100 மில்லிஆம்பியர் வாயில் அதைச் செருக முடியாது என்பதை மட்டும் நினைவில் வையுங்கள். எனக்கு மேடையில் குனிந்து மெனு தேடுவது பிடிக்காது, அதனால் நான் போகவில்லை. ஒலித் தரத்தை வைத்து அதை ஒதுக்குவதற்கு இன்று காரணம் இல்லை.

ஒட்டுவதற்கு முன் போர்டின் அளவில் ஒரு அட்டையை வெட்டி, பெடல்களை அதன்மேல் வைத்து, மேடைக்குப் போடுகிற ஷூவோடு ஒரு வாரம் மிதித்துப் பாருங்கள். பிறகு பெடல்களின் அடியை ஸ்பிரிட்டால் துடைத்துவிட்டு வெல்க்ரோ ஒட்டுங்கள், எண்ணெய்ப் பிசுக்கு இருந்தால் ஒரே மாதத்தில் பெயர்ந்துவிடும். சொரசொரப்பான பக்கம் பெடலுக்கு, மெத்தென்ற பக்கம் போர்டுக்கு என்று ஒரு முறை முடிவு செய்தால் மாற்றாதீர்கள்.

கடைசியாக, ஒரு நிகழ்ச்சியில் இரண்டாவது பாட்டின் நடுவே யாரோ ஒயரில் தடுக்கி என் பவர் சப்ளையின் பிளக் கழன்றுவிட்டது. ட்ரூ பைபாஸ் பெடல்கள் மின்சாரம் இல்லாமலும் ஒலியைக் கடத்திவிடும், பஃபர் உள்ளவை கடத்தாது. என் போர்டில் பஃபர் பெடல் ஒன்றே ஒன்றுதான், ஆனாலும் மொத்தமும் ஊமை. இருட்டில் எது கழன்றது என்று தேடிக்கொண்டிருந்தபோது பாட்டே முடிந்துவிட்டது. செய்திருக்க வேண்டியது ஒன்றுதான்: போர்டில் செருகியிருந்த பேஸ் கேபிளைப் பிடுங்கி நேரே ஆம்ப்பில் செருகுவது. கேபிள் அந்தத் தூரத்துக்கு எட்டாததால் அதுவும் முடியவில்லை. ஆகவே ஆம்ப் வரை எட்டுகிற ஒரு கேபிளைப் பையில் வைத்திருங்கள். உங்கள் பேஸுக்குள் இருக்கிற 9 வோல்ட் பேட்டரிக்கும் மாற்று ஒன்று வேண்டும், கேபிள் செருகியிருக்கும் வரை அது செலவாகிக்கொண்டேதான் இருக்கும். வாசித்து முடித்ததும் பேஸிலிருந்து கேபிளைக் கழற்றிவிடுங்கள்.